முகப்பில் யார் முகம்?

ஏட்டின் உள்ளே இருப்பதைப் படிப்பவரே அறிவர். முகப்பில் இருப்பதையோ படிக்காதவரும் அறிவர். தேநீர்க் கடைப் பலகையிலே கிடக்கும் ஏட்டை எழுத்தறியா முதியவர் நோக்குகிறார். தொடர்வண்டியிலே எதிரில் அமர்ந்தவர் விரித்துப் பிடித்திருக்கும் ஏட்டை, இறங்குமிடம் வரும்வரை ஒருவர் பார்த்துக்கொண்டே செல்கிறார். உள்ளே உள்ள கட்டுரையை ஒருவர் படித்து முடிப்பதற்குள் முகப்பைப் பலர் படித்து முடித்துவிடுகின்றனர். எனவே, முகப்பு என்பது ஏட்டுக்குப் பூட்டும் அணிகலன் அன்று. ஏட்டின் முதற் கட்டுரை அதுதான்.

அந்த முதற் கட்டுரையை எழுதும் பணி இன்று மாணவர் கைக்கு வந்திருக்கிறது. கல்லூரிகளிலே காட்சித் தொடர்பியல் பயில்வோர்க்கு இதழ் முகப்பு அமைப்பது ஒரு பயிற்சி. பள்ளிகளிலே ஆண்டு மலருக்கும் கையெழுத்து ஏட்டுக்கும் மாணவரே முகப்பு வரைகின்றனர். பள்ளிக் கல்வித்துறை 2022இல் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்னும் இதழ்களை மாணவர்க்கெனத் தொடங்கியபின், தாம் எழுதியதும் வரைந்ததும் அச்சேறும் என்னும் நம்பிக்கை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பிறந்திருக்கிறது. ஒரு காலத்தில் சிலர் வீட்டுக் கூடத்தோடு நின்றுவிட்ட தூரிகை உழைப்பவர் வீட்டுத் திண்ணைக்கும் வந்துவிட்டது. வரவேற்கிறோம். ஆனால், தூரிகை வந்தது போதுமா? பார்வை வந்ததா என்று கேட்க வேண்டாமா?

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்து மாணவர் சிலர் அமைத்த முகப்புகளைக் காணவும், அவர்களோடு அமர்ந்து விவாதிக்கவும் நமக்கு வாய்ப்புக் கிட்டியது. பயிற்சி எளியது. ‘எங்கள் ஊர்’ என்று ஓர் இதழ் வருவதாகக் கொள்க. அதன் முதல் இதழுக்கு முகப்பு அமைக்க வேண்டும். அவ்வளவே. வந்தவை எவை தெரியுமா?

கோயில் கோபுரங்கள் வந்தன. குத்துவிளக்குகள் வந்தன. பட்டுச் சேலை உடுத்து, தலை நிறைய மல்லிகை சூடி, இடுப்பிலே குடம் ஏந்தி நின்ற பெண்கள் வந்தனர். அத்தனை பேர் மேனியும் பால் வண்ணம்! வரைந்த பெண்ணின் கையோ கறுப்பு. பச்சை வயலும் ஏர் பூட்டிய காளையும் வந்தன. வரைந்த மாணவன் வீட்டைச் சுற்றி ஒரு வயலும் இல்லை. மலையும் அருவியும்கூட வந்தன! அம்பத்தூரிலே மலை ஏது, ஆவடியிலே அருவி ஏது? சிலர் கணிப்பொறியிடம் சொல்லிப் படம் பெற்று வந்தனர். அதுவும் கோபுரத்தையும் பட்டுச் சேலையையுமே அளித்தது. அந்தப் படத்தின் மேலே தமிழ் எழுத்துபோல் சில சுழிகள் இருந்தன. உற்றுப் பார்த்தால் ஒன்றுகூடத் தமிழ் இல்லை. தமிழ் தெரியாத இயந்திரத்திடம் தமிழர் முகத்தைக் கேட்டால் அது வேறு என்ன தரும்? ஆயிரம் நாட்காட்டிகளிலும் விளம்பரங்களிலும் கிடந்ததைத் திரட்டித் தரும்.

வராதவை எவை? ஆவடியிலே 1961இல் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலை வரவில்லை. இந்தியாவில் உருவான முதல் விஜயந்தா டாங்கி 1965இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. படைவீரர் உடை தைக்கும் தொழிற்சாலை வரவில்லை. 1960களில் எழுந்து, தமிழகத்தின் பல மாவட்டத்தாரையும் அழைத்து வேலை கொடுத்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வரவில்லை. அம்பத்தூர் ஏரி வரவில்லை. கொரட்டூர் ஏரி வரவில்லை. விடியலில் மின்தொடர்வண்டிக்கு ஓடும் கால்கள் வரவில்லை. 1955இல் ஆவடியிலே கூடிய காங்கிரசு மாநாடு ‘சமதர்மப் பாணிச் சமுதாயம்’ என்று தீர்மானம் நிறைவேற்றியது. அந்தத் தீர்மானம் பிறந்த ஊரிலே, தொழிலாளி பெற்ற பிள்ளை, தன் ஊர்ப் படத்தில் தொழிலாளிக்கு இடமில்லை என்று வரைந்து தருகிறான்!

மாணவரைக் குறை கூறவில்லை. கண் அவர்களுடையது, காட்டப்பட்டவை பிறருடையவை. ‘அழகு’ என்று சொல்லி அவர்களுக்குக் காட்டப்பட்டதெல்லாம் அவர்கள் வீட்டுக்கு வெளியே இருந்தது. தந்தையின் எண்ணெய் படிந்த சட்டை படத்துக்கு உரியதென்று யாரும் அவனிடம் சொன்னதில்லை. தாயின் தையல் இயந்திரம் ஓவியம் ஆகுமென்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. தன்னைத் தானே காணாதவாறு ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டிவிடுவது சிறு குற்றமா?

இரண்டு படங்கள் மட்டும் கட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தன. ஒன்றில் முகமே இல்லை. தொடர்வண்டியின் கம்பியைப் பற்றிய கைகள் மட்டும். ஏழெட்டுப் பெண்களின் கைகள். ஒவ்வொன்றின் மணிக்கட்டிலும் சோற்றுப் பை. ஒரு கையிலே ஊசி தைத்த வடு. மற்றொன்றில் ஏரிக்கரையை ஒட்டிய தெரு. தெருவில் முழங்காலளவு வெள்ளம். கட்டிலின் மேல் பாடநூல்கள். குறை இல்லாமல் இல்லை. முதற் படத்தில் பழுப்புக் கைகளின் மேலேயே இதழின் பெயரைச் சிவப்பில் எழுதியதால் பத்தடித் தொலைவில் பெயர் மறைந்துவிட்டது. இரண்டாவதில் சொல்ல வேண்டியதற்கு மேல் சொல்லும் ஆசை. மேகம், மின்னல், காகம், படகு என்று நிரப்பியதால், நூல்களைக் கண் தேட வேண்டியிருந்தது. ஆயினும் இவை இரண்டும் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் உரியவை. வேறு ஊர்க்காரர் வரைந்திருக்க முடியாதவை.

தேர்வு என்ன ஆயிற்று? மலருக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது குத்துவிளக்குத்தான். கைகள் படம் ‘மங்களகரமாக இல்லை’ என்று ஒதுக்கப்பட்டது. ஒதுக்கியவர் தீயவர் அல்லர்; பிள்ளைகள்பால் அன்புடையவர். அன்புடையவர் வாயிலிருந்தே அந்தச் சொல் வருகிறதென்றால் நோய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது! உழைக்கும் கை மங்களமில்லையாம். அந்தக் கை சம்பாதித்து வாங்கிய எண்ணெயில் எரியும் விளக்கு மட்டும் மங்களமாம்.

இதழ் முகப்பில் எதை வைப்பது என்பது இந்த நாட்டிலே என்றுமே அழகுக் கேள்வியாக மட்டும் இருந்ததில்லை. அது மானக் கேள்வி. வரலாற்றைப் பார்ப்போம்.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் ஓர் இதழ் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘பறையன்’. எந்தச் சொல்லை இழிவென்று ஊர் எறிந்ததோ, அந்தச் சொல்லையே எடுத்து ஏட்டின் நெற்றியில் பதித்தார். வாங்குபவர் அந்தச் சொல்லை வாய்விட்டுக் கேட்டே வாங்க வேண்டும். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையிலே ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார ஏட்டைத் தொடங்கினார். விலையே பெயராயிற்று. காசில்லாதவனும் வாங்கலாம் என்னும் அழைப்பையும், நீ தமிழன் என்னும் அறிவிப்பையும் ஒரே வரியில் அடக்கினார். இவ்விரு ஏடுகளும் வண்ணப்படத்தை நம்பியா உள்ளத்தைக் கவர்ந்தன? பெயரே போதுமானதாக இருந்தது.

1906இல் தொடங்கிய ‘இந்தியா’ வார ஏட்டிலே பாரதியார் கருத்துப்படங்களை முதற்பக்கத்துக்குக் கொண்டுவந்தார். பத்திப் பத்தியாக எழுதவேண்டிய அரசியலை ஒரு படத்திலே காட்டிவிடலாம் என்பதைத் தமிழ் வாசகர் அங்கே கண்டனர். பெயர் பேசியதுபோல் படமும் பேசத் தொடங்கியது.

1925 மே 2ஆம் நாள் ஈரோட்டிலிருந்து ‘குடி அரசு’ வந்தது. நாடு குடியரசாவதற்கு இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது, ஏடு முந்திக்கொண்டது. அந்த ஏட்டிலே ஆசிரியர் பெயர் அச்சாகும் இடத்தில் முதலில் ‘ஈ.வெ. ராமசாமி நாயக்கர்’ என்றே இருந்தது. 1927 டிசம்பரில் ‘நாயக்கர்’ உதிர்ந்தது. சாதிப் பட்டத்தைத் துறக்கும் தீர்மானம் செங்கற்பட்டு மாநாட்டிலே நிறைவேறியது 1929 பிப்ரவரியில். மாநாட்டுக்கு ஓராண்டுக்கும் மேலாக முந்தி ஏடு தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டது! சேர்த்ததால் அன்று, நீக்கியதால் பேசிய முகப்பு அது. இதழ் அமைக்கக் கற்கும் மாணவர் இதை முதற் பாடமாகக் கொள்ள வேண்டும். எதை வைப்பது என்று கேட்பதற்கு முன் எதை எடுப்பது என்று கேட்க வேண்டும்.

1935இல் அதே ‘குடி அரசு’ எழுத்திலேயே கை வைத்தது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகளுக்கு இருந்த தனி வடிவங்களை விட்டுவிட்டு, மற்ற எழுத்துகளைப் போலவே காலும் கொம்பும் சேர்த்து அச்சிட்டது. அச்சுக் கோப்பவர்க்குத் தனி வடிவம் ஒவ்வொன்றும் ஒரு தனி அச்சு, தனி அறை, தனிச் செலவு. எழுத்துக் கற்கும் குழந்தைக்கோ அது தனிச் சுமை. பெரியார் கண்டது அந்தச் சுமையை. அரசு அதை ஏற்றுக்கொண்டது 1978இல். ஆக, எழுத்தின் வடிவமும் கொள்கைதான். இதை அறிந்தால், ‘எங்கள் ஊர்’ என்னும் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்திலே எழுதிவந்த மாணவன் தான் செய்தது என்னவென்று உணர்வான். தாயால் படிக்க முடியாத எழுத்தில் தன் ஊர்ப் பெயரை எழுதிவிட்டான்.

காரைக்குடியிலிருந்து 1930களில் ‘மாதர் மறுமணம்’ என்றே ஓர் இதழ் வந்தது. கைம்பெண் மறுமணம் பற்றி வீட்டுக்குள் முணுமுணுக்கவும் அஞ்சிய காலத்தில், அஞ்சற்காரர் கையில் ஊரறியச் சென்றது அந்தப் பெயர். திருவாரூரிலே பள்ளி மாணவராயிருந்த மு. கருணாநிதி ‘மாணவ நேசன்’ என்னும் கையெழுத்து ஏட்டை நடத்தினார். 1942இல் ‘முரசொலி’யைத் துண்டறிக்கையாகத் தொடங்கினார். கையெழுத்து ஏட்டுக்கு அச்சகம் இல்லை, வண்ணம் இல்லை, வசதி இல்லை. சொல்ல ஒரு செய்தி இருந்தது. மாணவர் இதழ்ப் பணி என்றால் இதுவன்றோ முன்மாதிரி!

கடல் கடந்தும் இதே கதைதான். 1910இல் அமெரிக்காவிலே டூபாய்ஸ் என்னும் கறுப்பின அறிஞர் ‘தி கிரைசிஸ்’ என்னும் மாத இதழைத் தொடங்கினார். கறுப்பரை ஏளனப் படமாகவே அச்சிட்டுவந்த நாடு அது. அவ்விதழோ பட்டம் பெற்ற கறுப்பின இளைஞரையும், நன்கு உடுத்து நிமிர்ந்து நோக்கும் கறுப்புக் குழந்தைகளையும் ஆண்டுதோறும் சிறப்பிதழ்களில் நிறைத்துக் காட்டியது. பார்த்த பிள்ளை, ‘இது என்னைப் போன்ற முகம்’ என்று அறிந்தது. பால்வண்ணப் பெண்ணை வரைந்த நம் கறுப்பு மாணவிக்கு அப்படி ஒரு முகப்பை நாம் எப்போது காட்டினோம்?

இங்கே தீபாவளி மலர்களின் முகப்பைக் கடவுளரும் தேவியரும் ஆண்டாண்டாய் ஆண்டனர். அதற்கு மறுமொழியாகத் திராவிட இயக்க ஏடுகள் பொங்கல் மலர் கண்டன. புராணத்தை இறக்கி உழவரை ஏற்றின. அது புரட்சிதான், மறுக்கவில்லை. ஆனால், நம் வீட்டுக் கண்ணாடியையும் சற்றுத் துடைத்துக்கொள்வோம், தோழர்களே! உடையும் சங்கிலி, உயரும் தீப்பந்தம், உதிக்கும் கதிரவன், கரும்பும் பானையும், தலைவர் படம் — இவற்றை எத்தனை முறை அச்சிட்டுவிட்டோம்! முதலில் வரைந்தவன் சிந்தித்து வரைந்தான்; நூறாவதாக வரைந்தவன் பார்த்து வரைந்தான். குத்துவிளக்கைப் படியெடுப்பது பழமை, தீப்பந்தத்தைப் படியெடுப்பது பகுத்தறிவு என்று சொல்லிவிட முடியுமா? சிந்திக்காமல் வரைந்தது எதுவாயினும் அது சடங்குதான். சடங்கை எதிர்க்கும் நாம், சிவப்பும் கறுப்பும் பூசிய சடங்கை மட்டும் விட்டுவைக்கலாகாது.

‘கலையில் ஏன் கொள்கையைத் திணிக்கிறீர்? பிள்ளைகள் அழகாக வரையட்டுமே!’ என்பர் சிலர். அழகு வேண்டாமென்று யார் சொன்னார்? அழகுக்கு இலக்கணம் வகுத்தவர் யார் என்றுதான் கேட்கிறோம். குடம் ஏந்திய பெண்ணும் கொள்கைதான். பெண்ணின் வேலை நீர் சுமப்பது என்னும் கொள்கை. பால் நிறமும் கொள்கைதான். வெள்ளையே அழகு என்னும் கொள்கை. குத்துவிளக்கும் கொள்கைதான், ஊரென்றால் ஒரு மதத்தாரின் ஊர் என்னும் கொள்கை. ஒரே பலகையில் அமர்ந்து படிக்கும் இசுலாமியப் பிள்ளையும் கிறித்தவப் பிள்ளையும் அந்த மலரைக் கையிலெடுக்கும்போது, ‘எங்கள் ஊர்’ என்பதிலுள்ள ‘எங்கள்’ யார் என்று நினைப்பர்? திணிப்பு முன்பே நடந்துவிட்டது. நாம் செய்வது அதைச் சுட்டிக்காட்டுவது.

தொழில் நுட்பத்தையும் புறக்கணிக்கச் சொல்லவில்லை. கொள்கை நன்றாயிருந்து முகப்பு மங்கினால் கொள்கையும் மங்கும். கடையிலே ஏடுகளைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மேற்பகுதி மட்டுமே தெரியும். இதழின் பெயர் உச்சியில் அமைந்தது அதனால்தான். அந்நாளில் வண்ணம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அச்சுக்கட்டை வேண்டும். ஒரே தாள் அச்சுப்பொறியில் மீண்டும் மீண்டும் ஏற வேண்டும். ஏழை ஏடுகள் இரு வண்ணத்தோடு நின்றன. அந்த வறுமையே அவற்றுக்கு அழுத்தம் தந்தது. இன்று கணிப்பொறியிலே எண்ணற்ற வண்ணம் செலவில்லாமல் கிடைக்கிறது. செலவில்லாமல் கிடைப்பதால் சிந்தனையில்லாமல் கொட்டப்படுகிறது. முகப்பைக் கைப்பேசியிலே நகமளவில் காண்போர் பெருகிவிட்ட இக்காலத்தில், ஒரு பெயர், ஒரு படம், ஒரு செய்தி என்னும் சிக்கனம் முன்னைவிட இன்றியமையாதது. கைகள் படத்தை வரைந்த மாணவி பெயரைக் கைகளின் மேலே எழுதாமல், உச்சியிலே வெறும் வெளி விட்டுக் கறுப்பில் எழுதியிருந்தால், அந்த முகப்பு எந்தக் கடையிலும் தலைநிமிர்ந்து நின்றிருக்கும்.

மாணவர் முகப்பை அளக்க ஒரு கோலும் நம் வட்டாரத்திலேயே இருக்கிறது. பூவிருந்தவல்லியிலே பார்வையற்றோர்க்கான அரசுப் பள்ளி உண்டு. ஆறு புள்ளிகளால் ஆன எழுத்தை விரலால் தடவிப் படிப்போர் அங்கே பயில்கின்றனர். உம் முகப்பை அங்குள்ள ஒரு மாணவனுக்கு வாயால் சொல்லிப் பாருங்கள். ‘கோபுரம், விளக்கு, அழகான பெண்’ என்று சொன்னால், ‘சரி, எந்த ஊர்?’ என்று அவன் கேட்பான். ‘தொடர்வண்டிக் கம்பியைப் பிடித்த பெண்களின் கைகள்; மணிக்கட்டில் சோற்றுப் பை; ஒரு விரலில் ஊசி வடு’ என்று சொன்னால், ‘எந்தத் தொழிற்சாலைக்குப் போகிறார்கள்?’ என்று கேட்பான். முதற் கேள்வி முகப்பின் தோல்வி. இரண்டாம் கேள்வி ஏட்டைத் திறக்கும் கை. கண்ணில்லாதவர்க்கும் சொல்ல முடிந்த செய்தி உள்ள முகப்பே கண்ணுள்ளவர்க்கும் செய்தி சொல்லும்.

ஆசிரியப் பணியிலுள்ள தோழர்கட்கும் மன்றங்களில் கையெழுத்து ஏடு நடத்தும் இளைஞர்கட்கும் நாம் வேண்டுவது இதுதான். தாளும் தூரிகையும் கொடுக்குமுன் பிள்ளைகளைத் தெருவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தொழிற்பேட்டை வாயிலில் வேலை மாறும் நேரத்தில் நிறுத்துங்கள், ஏரிக்கரையில் நிறுத்துங்கள், அவரவர் வீட்டு அடுக்களையைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு, ‘இதில் இதுவரை எந்த ஏடும் முகப்பில் வைக்காதது எது?’ என்று கேளுங்கள். விடையை அவர்களே வரைவர். தேர்வுக் குழுவில் நீங்கள் அமர நேர்ந்தால், ‘மங்களகரம்’ என்னும் சொல் எழும்போது, எவருக்கு மங்களம் என்று அமைதியாகக் கேளுங்கள். மாணவர் வரைந்த முகப்பைத் திருத்துங்கள். மாற்றான் முகப்பை அவர்மேல் ஒட்டாதீர்.

‘பறையன்’ என்று ஏட்டின் நெற்றியில் எழுதியவரின் துணிவையும், ‘நாயக்கர்’ என்பதை அங்கிருந்து நீக்கியவரின் துணிவையும் வரலாறாகப் படித்துப் புகழ்வது எளிது. அந்தத் துணிவில் ஒரு துளியை, உழைக்கும் தாயின் கையை வரைந்து வந்து நிற்கும் சிறுமியின் பக்கம் நின்று காட்டுவதே கடினம். ஒதுக்கப்பட்ட அந்தப் படத்தைக் கையெழுத்து ஏடு நடத்தும் மன்றம் ஏதேனும் எடுத்து முகப்பில் வைக்கட்டும். மலர் மறுத்ததை மன்றம் ஏற்கட்டும். ஆவடியின் முகத்தை ஆவடி காணட்டும்!